நட்டஈடு நிலத்தைக் கழுவுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறென்று சொல்ல வழுக்கியாறு ஒன்றே உண்டு. அதுவும் மாரி பெய்தாலன்றி ஓடாது. மலையுமில்லை, மலையிலிருந்து இறங்கும் அருவியுமில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழை செம்மண்ணினூடாக இறங்கி, அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் தங்குகின்றது. அந்நீரையே மொண்டு குடிக்கின்றோம். அந்நீரையே இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உருளைக்கிழங்கும் விளைவிக்கின்றோம். எமது பாட்டன்மார் துலா மிதித்து இறைத்ததும் இந்நீரே. நாம் இயந்திரம் வைத்து இறைப்பதும் இந்நீரே.

இந்த நீரில் எண்ணெய் கலந்துவிட்டதென்று சுன்னாகம் மக்கள் முறையிட்டபோது, அஃது ஓர் ஊரின் முறைப்பாடாக மாத்திரமே முதலிற் கருதப்பட்டது. கிணற்றின் மேற் படலம் மிதக்கின்றது, தண்ணீர் மணக்கின்றது என்று அவர்கள் சொன்னார்கள். சொன்னவர்கள் இரசாயன நிபுணர்களல்லர். ஆதலால் அவர்கள் சொல் எடுபடவில்லை. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 2014 வரை, மின் நிலையத்தைச் சூழ்ந்த ஒன்றரைக் கிலோமீற்றர் எல்லைக்குள் 150 கிணறுகளின் நீரைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில் நிர்ணயிக்கப்பட்ட அளவுக்கு மேல் எண்ணெய் இருந்தது. வாளி கொண்டு அள்ளியவர்கள் மூக்கால் அறிந்ததை ஆய்வுகூடம் எண்ணால் அறிந்தது.

அதன்பின் நடந்தவற்றை எமது வாசகர் அறிவர். பவுசர்களில் நீர் வந்தது. உண்ணாவிரதங்கள் நடந்தன. மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2015 இல் நிலையத்தின் இயக்கத்தை நிறுத்தும்படி கட்டளை பிறந்தது. தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கொன்றைத் தொடுத்தார். எமது கிணற்றுக்காக எமது மொழி பேசாத ஒருவர் படியேறினார் என்பதை நன்றியோடும் சிறிது வெட்கத்தோடும் இங்கு குறித்து வைக்கின்றோம். 2019 ஏப்ரில் 4 ஆம் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்த்தன எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று நீதிமன்றம் பணித்தது. கிணறு கெட்டவர்களுக்கு, ஆளுக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல் அப்பணம் பகிரப்பட வேண்டுமென்பது ஏற்பாடு. மாசுபடுத்தியவனே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் நெறி எமது மண்ணின் பெயரால் நாட்டின் அதியுயர் மன்றில் நிலைநாட்டப்பட்டது. அது பெரிய காரியம். அதனைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று.

ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்காமலிருக்க முடியாது. நட்டஈடு கிணற்றுக்காரனின் கைக்கு வந்தது. நிலத்துக்கு என்ன வந்தது? கல்லின் வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெயை வெளியே எடுத்தவர் யார்? இழப்புக்கு ஈடு செய்வது வேறு; அழுக்கை அகற்றுவது வேறு. பத்திரிகைகளிலும் மேடைகளிலும் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டு வந்துள்ளன. தீர்ப்போடு கதை முடிந்தது என்று பலர் எண்ணிவிட்டனர். நீதிமன்றத்தின் கோவையை மூடலாம். நிலத்தின் கோவையை அவ்விதம் மூட முடியாது.

நிலத்துள் இறங்கிய எண்ணெய் எவ்வாறு நடந்துகொள்கிறதென்பதை விளங்கிக்கொண்டாலன்றித் துப்புரவு என்பதன் பொருளும் விளங்காது. டீசலும் உலை எண்ணெயும் இயந்திர ஒயிலும் நீரிலும் இலேசானவை. மேலிருந்து கசியும்போது முதலில் மண்ணைப் பற்றுகின்றன. மண் தாங்கக்கூடிய அளவு போக மிஞ்சியது கீழே இறங்கி நிலத்தடி நீரின் முகப்பை அடைந்து அதன்மேற் படலமாக மிதக்கின்றது. அங்கே அது சும்மா நிற்பதில்லை. மாரியில் நீர்மட்டம் ஏறும்போது அதுவும் ஏறுகின்றது. ஆடி ஆவணியில் நீர்மட்டம் தாழும்போது அதுவும் தாழுகின்றது. ஏறியிறங்கும் ஒவ்வொரு முறையும் இடைப்பட்ட கல்லையும் மண்ணையும் பூசி விட்டுச் செல்கின்றது. பூச்சு ஒட்டிய அக்கல், மூலம் அடைபட்ட பின்னரும் ஆண்டுக்கணக்கில் நீருக்குச் சிறிது சிறிதாக எண்ணெயை விட்டுக்கொண்டேயிருக்கும். ஆகவேதான் கிணற்றை இறைத்துச் சேறெடுத்துச் சுவரைத் தேய்த்துக் கழுவியவனுக்கும் சில வாரத்திற் படலம் மீண்டும் தெரிகின்றது. அவன் கழுவியது கிணற்றை. நோய் இருப்பது கிணற்றுக்கு வெளியே.

மணற்பாங்கான நாடுகளில் மண் ஒரு வடியாக நின்று ஓரளவு தடுக்கும். எமது நாடு அத்தகையதன்று. செம்மண் படை பல இடங்களில் மெல்லியது. அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கல் நீரால் அரிக்கப்பட்டுக் குகையும் குழாயுமாய் இருப்பது. புத்தூர் நிலாவரையின் ஆழத்தைப் பார்த்து வியந்தவர்களுக்கும், கீரிமலைக் கேணியில் ஊறும் நன்னீரில் நீராடியவர்களுக்கும் இந்நிலத்தின் இயல்பை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நீர் எந்த வழியே ஓடுமென்று மேலிருந்து சொல்ல முடியாத நிலம் இது. ஒரு வளவின் கிணறு கெட்டிருக்க, பக்கத்து வளவின் கிணறு தப்பியிருப்பதும், அதற்கப்பால் தூரத்திலுள்ள கிணறு கெட்டிருப்பதும் இதனாலேயே. இதைக் கண்டு மக்கள் பொய் சொல்கிறார்களென்று சிலர் முடிவு கட்டினர். பொய் சொன்னது மக்களல்லர். தம் அறியாமையை அறியாதவர்களே தவறினர்.

வட மாகாண சபையும் அக்காலத்தில் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. அக்குழுவின் முடிவும் நீர் வழங்கல் சபையின் முடிவும் ஒன்றோடொன்று இசையவில்லை. மக்கள் எதை நம்புவதென்று தெரியாது தடுமாறினர். அந்தப் பழைய சர்ச்சையை மீண்டும் கிளற நாம் விரும்பவில்லை. ஆனால் அதிலிருந்து கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு உள. எண்ணெயும் கொழுப்பும் என்று ஆய்வுகூடம் அளக்கும் அளவு ஒரு மொத்தக் கணக்கு. அது பென்சீன் உண்டா, ஈயம் உண்டா என்று சொல்லாது. பென்சீன் நீரில் இல்லையென்பதனால் எண்ணெய் இல்லையென்றாகாது. எண்ணெய் இருக்கிறதென்பதனால் பென்சீன் இருக்கிறதென்றும் ஆகாது. ஒருவர் ஒன்றைத் தேடினார், மற்றவர் மற்றொன்றைத் தேடினார். தேடியதைப் பொறுத்து விடையும் வேறாயிற்று. மற்றது, மாதிரி எடுத்த மாதம். ஏறியிறங்கும் படலத்தை ஒரு பருவத்தில் மாத்திரம் தேடிவிட்டு இல்லையென்று எழுதுவது, கோடையிற் குளத்தைப் பார்த்துவிட்டு இங்கே வெள்ளமே வருவதில்லை என்று எழுதுவதை ஒக்கும்.

சுன்னாகம் மின் நிலையம் 1958 இல் எழுந்தது. போர்க்காலத்தில் அங்கிருந்த எண்ணெய்த் தாங்கி சேதமுற்று எண்ணெய் நிலத்தில் ஓடியது. பின்னர் வந்தவர்களின் கழிவொயிலும் நிலத்தைச் சேர்ந்தது. எவர் விட்டது எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். கடினமென்பதனால் எல்லாரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டி நின்றனர். இதுதான் நிலத்துள் புதைக்கும் அழுக்கின் தன்மை. புகைபோக்கியால் வரும் புகைக்குச் சொந்தக்காரன் உண்டு. வாய்க்காலில் விடும் கழிவுக்கும் சொந்தக்காரன் உண்டு. மண்ணுக்குள் விட்ட ஒயிலுக்கு, விட்ட மறுநாளே சொந்தக்காரன் இல்லாமற் போகிறான்.

நாம் சுன்னாகத்தை இன்று நினைவூட்டுவது பழங்கணக்குத் தீர்ப்பதற்காகவன்று. அடுத்த சுன்னாகம் எங்கே என்று கேட்பதற்காகவே. அது பெரிய மின் நிலையமாயிருக்க வேண்டுமென்ற நியதியில்லை. ஒவ்வொரு பெற்றோல் நிலையத்தின் கீழும் தாங்கிகள் புதைந்திருக்கின்றன. வாகனங்களைக் கழுவி ஒயில் மாற்றும் நிலையங்களில் வடியும் பழைய ஒயில் எங்கோ ஒரு தொட்டியிலோ தாங்கியிலோ குழியிலோ சேர்கின்றது. பஸ் டிப்போக்கள் உண்டு, கராஜுகள் உண்டு, ஐஸ் ஆலைகளும் அரிசி ஆலைகளும் சொந்த மின் பிறப்பாக்கி வைத்திருக்கின்றன. இவற்றுள் எத்தனை இடத்தில் நிலத்தின் கீழே தாங்கி உண்டு? அது இரும்பா, சீமெந்தா? எந்த ஆண்டிற் புதைத்தது? போருக்கு முன் இருந்து கைவிடப்பட்ட நிலையங்களின் தாங்கிகள் தோண்டியெடுக்கப்பட்டனவா, அல்லது மேலே மண் நிரவி வீடு எழுந்துவிட்டதா? இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் ஊர்களில் இக்கேள்விக்குத் தனிப்பட்ட முக்கியத்துவம் உண்டு. முப்பது ஆண்டு ஆளில்லாத நிலத்தில் இரும்பு துருவேறாமல் காத்திருக்குமா?

கழிவொயில் புதிய ஒயிலினும் கொடியது என்பதைப் பலர் அறியார். இயந்திரத்துள் வெந்து கறுத்த ஒயிலிற் புற்றுநோய் விளைக்கவல்ல கரிமச் சேர்மங்கள் சேர்கின்றன. தேய்ந்த உலோகத் துகள்கள் சேர்கின்றன. பெற்றோலும் கொஞ்சம் கலக்கின்றது. போதாததற்கு, கைகழுவிய திராவகமும் பாகம் கழுவிய கரைப்பானும் பழைய பற்றரித் தண்ணீரும் அதே தொட்டியில் ஊற்றப்படுகின்றன. அக்கரைப்பான்களுட் குளோரீன் சேர்ந்தவை நீரிலும் பாரமானவை. ஒயில் மிதக்கும், இவையோ அடி வரை அமிழும். ஆகவே ஒரே தாங்கியிலிருந்து ஒழுகிய நஞ்சின் ஒரு பகுதி நீரின் தலையிலும் மற்றொரு பகுதி காலடியிலும் கிடக்கும். ஒரு தடவை வாகனத்துக்கு ஒயில் மாற்றும்போது வெளிவரும் பழைய ஒயில், பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லதென்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் சொல்லி வருகின்றது.

அமெரிக்காவின் அனுபவம் இவ்விடயத்திற் கவனிக்கத்தக்கது. செல்வத்திற் சிறந்த அந்நாடும் தாங்கிகளை மண்ணுட் புதைத்துவிட்டு மறந்திருந்த நாடுதான். ஊர் ஊராகக் கிணறுகள் கெட்ட பின்னரே 1984 இல் நிலக்கீழ்த் தாங்கிகளுக்கென்று சட்டம் செய்தார்கள். கழிவொயில் தாங்கிகளும் அச்சட்டத்துள் அடங்கின. தாங்கி வைத்திருப்பவன் முதலில் அதைப் பதிய வேண்டும். துருவைத் தடுக்கும் காப்பும், ஒழுக்கைக் கண்டறியும் கருவியும் இருக்க வேண்டும். துருக்காப்பில்லாத பழைய தாங்கிகளைத் திருத்தவோ எடுக்கவோ 1998 டிசெம்பர் 22 வரை தவணை கொடுத்தார்கள். ஒழுகினால் துப்புரவாக்கும் செலவைத் தாங்க வல்லவனென்று காப்புறுதியாலோ பிணையாலோ முன்கூட்டியே காட்ட வேண்டும். சட்டம் வந்ததிலிருந்து 18 இலட்சத்துக்கு மேற்பட்ட தாங்கிகள் மூடப்பட்டன. 5 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒழுக்குகள் உறுதிப்பட்டன. அவற்றுட் பெரும்பான்மை துப்புரவாக்கி முடிந்துமாயிற்று. எல்லாவற்றினும் நாம் மெச்சுவது 1986 இல் அவர்கள் ஏற்படுத்திய நிதியை. பெற்றோல் கலன் ஒன்றுக்கு ஒரு சதத்தின் பத்திலொரு பங்கு வரியாக எடுத்து ஒரு தனி நிதியிற் சேர்த்தார்கள். உரிமையாளன் இறந்திருந்தாலும், ஓடியிருந்தாலும், வங்குரோத்தாகியிருந்தாலும், வேலை நிற்காதபடி அந்நிதி நின்றது. வழக்கு முடிந்த பின்னரே மண்வெட்டியை எடுக்கலாம் என்ற நிலையை இதனால் மாற்றினார்கள்.

இங்கே எமது முறை யாது? 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உண்டு. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உண்டு. சில சிறு தொழில்களுக்கு அவ்வுரிமத்தை உள்ளூராட்சி மன்றங்களே வழங்குகின்றன. காகிதத்தில் வெறுமையில்லை. குறை எங்கேயென்றால், உரிமம் நிலத்துக்கு மேலுள்ளதைப் பார்க்கின்றது. வருகை தரும் உத்தியோகத்தர் வடிகாலைப் பார்க்கிறார், சத்தத்தைக் கேட்கிறார், புகையைப் பார்க்கிறார். கீழே புதைந்த தாங்கியின் அடித்தகட்டை அவர் பார்ப்பதில்லை. பார்க்க வழியுமில்லை, பக்கத்தில் ஓர் அவதானிப்புக் கிணறு தோண்டி வைத்தாலொழிய. நெருப்பு வந்தபின் தீயணைப்பு வண்டிக்குக் கேள்விக்கோரல் விடுவது போலத்தான் இதுவரை நாம் நடந்து வந்திருக்கின்றோம்.

அமெரிக்கச் சட்டத்தை அப்படியே பெயர்த்து இங்கு நட்டுவிடலாமென்று நாம் சொல்லவரவில்லை. அங்கே அவர்கள் பெரிதும் கையாண்ட முறையொன்று, கெட்ட நீரை இடைவிடாது இறைத்து மேலே கொண்டுவந்து சுத்திகரிப்பதாகும். குடாநாட்டில் அம்முறையை எண்ணிப் பாராமல் கையாண்டால் நோயினும் மருந்து கொடிதாய் முடியும். எமது நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் நீர். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட கணக்கு. மேலே ஓரடியை இறைத்து இழந்தால், கீழேயிருந்து உவர் நாற்பதடி எழும்பக் காத்திருக்கும். எண்ணெயை எடுக்கப்போய் உப்பைக் கூப்பிட்ட கதையாகிவிடும். கமக்காரர் இதைப் பாடம் படித்தல்ல, பட்டறிந்தவர்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்த தோட்டத்திற் பயிர் நுனி கருகுவதைக் கண்டவர்கள் அவர்கள்.

எனவே இங்கு செய்யத்தக்க துப்புரவு எது? முதலாவது காரியம் மூலத்தை எடுப்பது. ஒழுகும் தாங்கியை வெறுமையாக்கித் தோண்டி எடுக்க வேண்டும். அதைச் சூழ்ந்து ஊறிய மண்ணையும் கல் வரை வெட்டி எடுக்க வேண்டும். மேலேயுள்ள பத்து வண்டி மண்ணை விட்டுவிட்டுக் கீழேயுள்ள நீரைச் சுத்தமாக்குவது, ஒழுகும் கூரையின் கீழ் நின்று நிலத்தைத் துடைப்பதாகும். எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்ற கேள்வி உடனே எழும். இன்னோர் ஊரின் வெட்டவெளியில் கொட்டுவதாயின் தொடங்காமலே விடலாம். தரைக்கு மேல் நீர் ஊடுருவாத விரிப்பிட்டு, அதன்மேல் அம்மண்ணைப் படையாகப் பரப்பி, பசளையிட்டு, ஈரங்காத்து, அடிக்கடி புரட்டிவிடுவது ஒரு முறை. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் ஒட்சிசனையும் நைதரசனையும் பெற்று எண்ணெயைத் தின்று தீர்க்கும். எரு மக்கச் செய்யத் தெரிந்த எமது கமக்காரருக்கு இம்முறை புதிராயிராது. டீசல் ஊறிய மண் சில மாதங்களில் இணங்கும். கனத்த உலை எண்ணெயும் கழிவொயிலும் அவ்வளவு விரைவில் இணங்கா. உலோக நஞ்சைப் பற்றீரியா தின்னாது. அத்தகைய மண்ணையும் சேர்ந்த கழிவொயிலையும் மிகுந்த வெப்பமுள்ள சீமெந்துச் சூளையில் எரிப்பது பல நாடுகளில் வழக்கம். புத்தளத்துச் சூளையிலும் தொழிற் கழிவுகள் எரிக்கப்பட்டு வந்துள்ளன. வழி இல்லையென்பது சாட்டு. வழிக்குச் செலவு கொடுப்பவர் யார் என்பதே உண்மையான கேள்வி.

மூலத்தை எடுத்த பின்னர், நீரின் மேல் மிதக்கும் படலத்தை மாத்திரம் மெல்ல உறிஞ்சி எடுக்கும் கிணறுகள் அமைக்கலாம். நீரைப் பெருமளவில் இறைக்காமல், படலம் தடித்த இடத்தில், படலம் தாழ்ந்து நிற்கும் பருவத்தில் அதனைச் செய்ய வேண்டும். எஞ்சியதைக் காலத்துக்கும் இயற்கைக்கும் விடலாம். ஆனால் விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. கெட்ட வட்டத்துக்குள்ளும் அதன் ஓரத்திலும் அதற்கப்பாலும் நிலையான அவதானிப்புக் கிணறுகள் வேண்டும். பங்குனியில் ஒரு தடவையும், ஆவணியில் ஒரு தடவையும், மாரி உச்சத்தில் ஒரு தடவையும் மாதிரி எடுக்க வேண்டும். மொத்த எண்ணெயும் பென்சீன் வகையும் உலோகமும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும். அளந்ததை அலுமாரியிற் பூட்டாமல், கிணற்று இலக்கத்தோடு பிரதேச சபையின் அறிவித்தற் பலகையில் ஒட்ட வேண்டும். தன் கிணற்றின் நிலையை அறிய ஒரு கமக்காரன் தகவல் கோரி மனு எழுதும் நிலை இருக்கலாகாது.

பணத்தைப் பற்றியும் தெளிவாகவே சொல்வோம். 2 கோடி ரூபாவை 40,000 ஆகப் பிரித்தால் 500 குடும்பங்களோடு தீர்ந்துவிடும். கணக்கு அங்கே முடிந்தது. மண்ணுக்கென்று அதிலே ஒரு சதமும் மிஞ்சவில்லை. இது நீதிமன்றத்தின் குறையன்று. தன் முன்னிருந்த வழக்குக்கு அது தீர்ப்பளித்தது. மண்ணுக்கென்று ஒரு நிதியைச் சட்டமியற்றும் மன்றமே உண்டாக்க வேண்டும். இந்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு லீற்றர் எரிபொருளிலும் ஒயிலிலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கித் துப்புரவு நிதியொன்றைத் தொடங்குமாறு நாம் கோருகின்றோம். மேலதிக வரியா என்று சிலர் முகஞ்சுளிப்பர். கெட்ட கிணற்றுக்குப் பவுசரில் நீர் அனுப்பிய செலவும் வரிப்பணந்தான். தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தர அமைத்தார்கள். அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த நீர் குழாயில் வந்து குடத்தை நிரப்பும். வெங்காயப் பாத்தியை நிரப்பாது. கடலைச் சுத்திகரித்துக் குடிப்போம், காலடியிலுள்ள நீரைக் கெடவிடுவோம் என்பது எந்தக் கணக்கறிந்தவனின் கணக்கு?

கொழும்பை நோக்கி விரல் நீட்டும்போது எமது முற்றத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நன்று. இறைப்பு இயந்திரத்தின் பழைய ஒயிலைக் கிணற்றுக் கட்டுக்கு அருகிலேயே ஊற்றுபவர் எம்மிடையே இல்லையா? கறையானுக்கென்று வேலித் தூணின் அடியிற் கழிவொயில் பூசும் வழக்கம் எவ்வூரிலும் உண்டு. தோட்டக் கிணறுகளிலே நைத்திரேற்று மிகுந்திருப்பது பல்கலைக்கழக ஆய்வுகளிற் பல காலமாகப் பேசப்படும் விடயம். அதற்குக் காரணம் மின் நிலையமன்று, நாம் அள்ளிக்கொட்டிய உரமும் எமது மலக்குழிகளும். பெரிய கம்பனியின் தாங்கிக்கு ஒரு நியாயம், எமது கராஜுக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டால் எமது முறைப்பாட்டின் வலு பாதியாகும். கழிவொயிலைச் சேர்த்துக் கொடுப்பவனுக்கு ஒரு சிறு விலை கிடைக்குமாயின், ஊற்றுபவன் குறைவான். போத்தலுக்கு விலை கிடைப்பதனாலன்றோ எவரும் போத்தலைத் தெருவில் எறிவதில்லை.

வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. சுன்னாகத்துக்காகப் பேசுவதற்கு அன்று இருந்த அந்த மன்றமும், குறைகளோடாயினும், ஒரு குரலாயிருந்தது. உரிமம் கொடுக்கும் கை கொழும்பிலும், நஞ்சு குடிக்கும் வாய் சுன்னாகத்திலும் இருந்தமையே அவ்விபத்தின் வேர்களில் ஒன்று. நிலத்தடி நீர் எங்குள்ளதோ அங்குள்ள மக்களின் மன்றத்திடம் தாங்கிகளைப் பதியும் அதிகாரமும், சோதிக்கும் அதிகாரமும், மூடும் அதிகாரமும் இருக்க வேண்டுமென்பது எமது உறுதியான கருத்து.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2025 மே மாதத்தில் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த பிரதேச சபைகள் உள. வலிகாமம் தெற்குப் பிரதேச சபை சுன்னாகத்தின் சபை; அதற்கு இதில் முதற் கடமை உண்டு. தன் எல்லைக்குள் நிலத்தின் கீழுள்ள ஒவ்வொரு தாங்கியையும், கழிவொயிற் குழியையும், கைவிடப்பட்ட பழைய நிலையத்தையும் வீதி வீதியாகச் சென்று எண்ணிப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்கச் சபைக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு தீர்மானமும் சில உத்தியோகத்தர்களும் ஓரிரு மாத உழைப்பும் போதும். ஊரிலுள்ள முதியவர்களைக் கேட்டால், எந்த வளவில் எந்தக் காலத்திற் பெற்றோல் செட் இருந்தது, யாருடைய கராஜ் எங்கே இருந்தது என்று விரல்விட்டுச் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். பொறியியலாளரும் வைத்தியரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் இப்பணிக்குத் தம் ஓய்வு நாட்களைத் தருவார்களாயின், கமக்காரர் தம் கிணறுகளைத் திறந்துவிடத் தயங்கமாட்டார்கள். வலிகாமத்தின் ஏனைய சபைகளும் பின்தொடரட்டும்.

அடுத்த மாரி தொடங்குமுன் இப்பதிவேடு சபையின் மேசைக்கு வர வேண்டும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் நீர்மட்டம் ஏறத் தொடங்கும். கல்லில் ஒட்டியிருப்பதும் அதனோடு சேர்ந்து ஏறும்.